காலை எட்டுப் பத்துக்கு வந்த குப்பி

என் மனைவி கபஹெண்டா ஃபோர்ட் போர்ட்டல் தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துக் கொடுத்தாள். போன பிப்ரவரியில் இறந்துபோனாள். அடக்கத்தன்று பேசியவர்கள் அவளுடைய பக்தியையும் பொறுமையையும் சொன்னார்கள். பொறுமை அவளிடம் அவ்வளவாக இருந்ததில்லை. கடிதங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சிறுநீர்க் குப்பியைப் பற்றி யாரும் வாய்திறக்க மாட்டார்கள் என்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த இரண்டையும் விட்டுவிட்டு அவளைச் சொல்ல எனக்கு வரவில்லை.

டோரோ ராஜ்ஜியத்துக்காரர்களான எங்களுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று, மரியாதைக்கும் பிரியத்துக்கும் கூப்பிடுகிற எம்பாக்கோ ஒன்று. எம்பாக்கோ மொத்தமே பன்னிரண்டு. அதில் ஒன்று அரசருக்குப் போய்விடும். மிச்சமுள்ள பதினொன்றைத்தான் ஊர் முழுக்கப் பங்குபோட்டுக் கொள்கிறோம். அவள் அப்வோலி, நான் அமூட்டி. வயதில் மூத்தவர்களை வீட்டுப் பெயர் சொல்லி அழைப்பதும் அவர்கள் முகத்தில் தண்ணீரை வீசுவதும் எங்களுக்கு ஒன்றுதான்.

இந்த மரியாதையால் அவளுக்குத் தினமும் தலைவலி. "ஆக்கீக்கி, மாவு மில்லுக்குப் பின்னால்" என்று மட்டும் எழுதிய உறை வரும். மாவு மில்லுக்குப் பின்னால் மூன்று ஆக்கீக்கி இருந்தார்கள். அவள் பெயரைப் பார்க்கவே மாட்டாள். முத்திரையைப் பார்ப்பாள். எந்த ஊர், என்ன தேதி. அந்த ஊரில் இருப்பது எந்த ஆக்கீக்கியின் மகன். போன மாதம் அங்கே பஸ் ஏறிப் போனது யார்.

"பேரு யாருக்கு வேணாலும் பொருந்தும், அமூட்டி. முத்திரை ஒருத்தருக்குத்தான் பொருந்தும்" என்பாள், என்னமோ நான் கேட்டதுபோல.

ஓய்வு பெற்ற மறு வருடம் அவளுக்கு நீர்க்கடுப்பு ஆரம்பித்தது. எனக்கு அது தெரியாது. "இடுப்பு வலிக்குது" என்றாள். இடுப்புக்குத் தைலம் வாங்கி வந்தேன். காய்ச்சல் வந்தது. மலேரியா என்று இரண்டு தடவை மருந்து சாப்பிட்டாள். ஒருநாள் வாழைத் தோட்டத்தின் கடைசி வரிசையில், வழக்கமாகத் துணி காயாத இடத்தில், கிழித்து மடித்த பழைய துணிகள் வரிசையாகக் காய்வதைப் பார்த்தேன். நாற்பது வருடம் கூடவே வாழ்ந்தும் அன்றைக்கு அவளிடம் கேட்க எனக்கு அரை நாள் பிடித்தது.

"அடக்க முடியல," என்றாள், பீன்ஸ் உரித்துக்கொண்டே. "வருதுன்னு நெனைக்கறதுக்குள்ள வந்துடுது. போனா நெருப்பா எரியுது. போதுமா? இன்னும் ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?"

மருந்துக்கடையில் ஒரு காகிதப் பட்டையைச் சிறுநீரில் நனைத்து, நிறம் மாறுகிறதா என்று பார்த்து, காப்ஸ்யூல் கொடுப்பார்கள். ஐந்து நாளில் எரிச்சல் குறையும். இரண்டு மாதத்தில் திரும்பி வரும். மறுபடி பட்டை, மறுபடி அதே காப்ஸ்யூல். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "வாங்கம்மா, உங்களுக்குன்னு ஒரு டப்பாவே தனியா எடுத்து வெச்சிருக்கேன்" என்றார். அவள் சிரிக்கவில்லை.

தேவாலயத்தில் இரண்டாவது வரிசையிலிருந்து கதவோரத்துக்கு மாறினாள். யார் வீட்டுக்குப் போனாலும் மெத்தை நாற்காலியில் உட்கார மாட்டாள், பாய் போதும் என்பாள். வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்து தேநீர்கூடக் குடிக்க மாட்டாள். குடிக்காமல் இருப்பது வியாதியை வளர்க்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்படியே இரண்டு வருடம் ஓடியது.

தேயிலைத் தோட்டச் சாலையில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு வடக்கிலிருந்து புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருக்கிறார், பெயர் அச்சிரோ, பெண்களின் கஷ்டத்தை உட்கார்ந்து கேட்கிறார் என்று கேள்விப்பட்டோம். போனோம். அவர் கபஹெண்டாவின் கதை முழுவதையும் கேட்டார்.

"ரெண்டு வருஷமா பட்டைய மட்டும் பாத்து மருந்து குடுத்தாங்களா? இந்த வயசுல பட்டைய நம்பக் கூடாதும்மா. எந்தக் கிருமின்னு வளத்துப் பாக்கணும், எந்த மருந்துக்கு அது சாகுதுன்னும் பாக்கணும். ஒரு வாரம் எந்த மாத்திரையும் போடாதீங்க. அடுத்த வியாழக்கிழமை காலைல வந்து குப்பில குடுத்துட்டுப் போங்க."

அந்த வியாழக்கிழமை எங்கள் வேன் பாலத்தருகே டயர் வெடித்து நின்றது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. வழியிலேயே அவளுக்குத் தாங்காமல் போய்விட்டதால், மறுபடி வருவதற்காகப் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு மெலிந்த அம்மாள், எழுபது வயதிருக்கும், காலடியில் பாஷன் பழக்கூடை. எம்பாக்கோ கேட்டுக்கொண்டார்கள்.

"அப்வோலி."

"அட, நானும் அப்வோலிதான்!" இருவரும் கையைத் தட்டிச் சிரித்தார்கள்.

"நீங்க குடுத்தாச்சா?" என்றாள் என் மனைவி.

"லேப்பு தொறந்ததுமே குடுத்தாச்சு. மழை தூறுது, அதான் ஒதுங்கி உக்காந்திருக்கேன். இந்த மழைல தோட்டத்து முக்குல பழம் யார் வாங்கப் போறா? எனக்கு வலியே கிடையாது. நிறந்தான். செம்பருத்தி ஊறவெச்ச தண்ணி மாதிரி வருது. அப்பறம் தானா நின்னுடுது. அப்பறம் வருது."

"எனக்கு நிறம் கிடையாது. வாழைப்பழச் சாறு கலங்குன மாதிரி இருக்கும். வலிதான் உயிர் போவுது."

"அப்ப நம்ம ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு நோயாளி," என்றாள் அந்த அம்மாள். என் மனைவி அடக்க முடியாமல் சிரித்து, சிரிப்பினால் எழுந்து ஓட வேண்டியதாயிற்று. அப்படித்தான் பத்து மணிக்கு மேல் அவளுடைய குப்பி நிரம்பியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை லேப்காரர் ருவபுஹிங்கா கூடத்தில் வந்து நின்று, "அப்வோலி!" என்று கூப்பிட்டார். இவள் எழுந்தாள். தாளை இரண்டு கையாலும் பணிவாகக் கொடுத்தார். டாக்டர் அச்சிரோ அதை வாங்கி வாசித்தார்.

"கிருமி எதுவும் வளரல. ஆனா ரத்தம் நிறைய இருக்கு. கிருமி இல்லாம ரத்தம் வந்தா, உள்ள மூத்திரப் பையில கட்டி ஏதாவது இருக்கான்னு குழாய் விட்டுப் பாத்தே ஆகணும். கம்பாலா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்."

"நான் ரத்தமே பாக்கலியே, டாக்டர்."

"கக்கூஸ் இருட்டுல எங்கம்மா பாத்திருப்பீங்க?" என்றார் அவர், கனிவாகத்தான். வாசலில் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள்.

"கட்டின்னா புத்துநோயா?"

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். சீக்கிரம் போங்க."

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கம்பாலா என்று ஆரம்பித்தால் எழுந்து மண்வெட்டியை எடுப்பாள். சீக்கிரம் என்று டாக்டர் சொன்னாரே என்றால், "பீன்ஸுக்குக் களை எடுக்கணும்" என்றாள். எடுத்த களையையே மறுபடி எடுத்தாள். நான் இம்பரராவில் இருக்கும் மகளுக்கு என்ன சொல்வது என்று நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களிலேயே நான் அவளை அடக்கம் செய்துவிட்டேன். எதிரில் உட்கார்ந்து ராகிக் களி கிண்டுகிறவளைப் பார்த்து, இந்தக் கை இருக்காது என்று நினைப்பேன். இன்றைக்கு அது உண்மையாகிவிட்ட பிறகு அந்த நாட்களை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கிருமி இல்லை என்று சொன்னதால் மருந்தும் இல்லை. எரிச்சல் நாளுக்கு நாள் ஏறியது. பத்தாம் நாள் காலையில் குளிர் எடுத்து நடுங்கினாள், விலாவில் கைவைத்தால் துடித்தாள். வேனுக்குச் சொல்லிவிட்டேன். டாக்டருக்குக் காட்ட அந்தத் தாள் வேண்டும். போர்வையைப் போர்த்தியபடியே வந்து பெட்டியைத் திறந்தாள். தாளை என்னிடம் நீட்டப் போனவள், கையை இழுத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடினாள். அதுவரை அவள் அதை வாசித்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் வாசித்திருந்தேன். கடைசி வரியைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை.

அவள் மேல் ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"அமூட்டி, நாம எத்தனை மணிக்குப் போய்ச் சேந்தோம்?"

"ஒன்பதரை. டயர் வெடிச்சுதே."

"இங்க எட்டுப் பத்துக்கு வாங்குனதா போட்டிருக்கு."

"அவசரத்துல தப்பா எழுதியிருப்பாரு. வா, வேன் நிக்குது."

"கடியாரத்தப் பாத்து எழுதறத யாரும் தப்பா எழுத மாட்டாங்க." விரல் கீழே நகர்ந்தது. "நிறம், சிவப்பு." கண்ணாடியைக் கழற்றினாள். "செம்பருத்தித் தண்ணி. இது என் தாளு இல்ல."

அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பத்து நாள்" என்றாள்.

லேப்பின் ஜன்னலில் ருவபுஹிங்கா நோட்டைப் புரட்டினார். ஐம்பது வயதுக்காரர், யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் நான்கு அப்வோலி. கிருமி வளர்க்கக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். எட்டுப் பத்து ஒன்று, பத்து இருபது ஒன்று. வேறு ஒரு எழுத்து இல்லை.

"பத்து இருபதோட தாளு எங்க?"

"உங்களுக்குக் குடுத்ததுக்கு முந்தின நாள், திங்கக்கிழமை, ஒரு அம்மா வந்தாங்க. அப்வோலின்னு கூப்பிட்டேன், எழுந்தாங்க, குடுத்தேன்."

"அவங்க வீட்டுப் பேரு?"

அவர் உண்மையாகவே புண்பட்டார். "தாயே, என் அம்மா வயசுல இருக்கறவங்களப் பேரு சொல்லிக் கூடத்துல கத்தச் சொல்றீங்களா? அப்படி என்னை வளக்கலியே. ஒரு தடவ ஒரு அம்மாவ வீட்டுப் பேரச் சொல்லிக் கூப்பிட்டதுக்கு, என்னை எந்தக் காட்டுல பிடிச்சாங்கன்னு கேட்டுட்டுக் குப்பியத் தூக்கிட்டே போயிட்டாங்க."

"கூப்பிடறது எம்பாக்கோவச் சொல்லிக் கூப்பிடு, அப்பனே. எழுதறது? எழுதறதுக்கு என்ன மரியாதை? வீட்டுப் பேரு, அப்பன் பேரு, ஊரு, மணி. முப்பத்தொரு வருஷம் நான் தலையில அடிச்சுக்கிட்டது இதுக்குத்தான். கடிதம் மாறிப் போனா அழுதுட்டு விட்டுடுவாங்க. இது மாறிப் போனா?"

ருவபுஹிங்கா நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

டாக்டர் அச்சிரோ இரண்டு தாள் கதையையும் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அப்வோலிங்கறது உங்க பேருன்னு நெனச்சேன்."

"பாதி ஜில்லாவோட பேரு அது," என்றாள் என் மனைவி, நடுக்கத்தில் பல் கிட்ட.

முதலில் கழுவிக்கொள்ளச் சொல்லி, கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்லி, மறுபடி ஒரு குப்பி வாங்கினார்கள். குப்பியின் மேல் கபஹெண்டாவே எழுதினாள். கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கும் என்று ஊசி ஆரம்பித்து ஆஸ்பத்திரியில் தங்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கிருமி வளர்ந்த தாளும் வந்தது. இரண்டு வருடம் விழுங்கிய காப்ஸ்யூலுக்கு அது அசையவே இல்லை.

ருவபுஹிங்கா அந்த மூன்று நாளும் மாலையில் கிளம்பி இன்னொரு அப்வோலியைத் தேடிப் பார்த்திருக்கிறார். விசாரித்தால் எல்லா ஊரிலும் அப்வோலி இருந்தார்கள். நான்காம் நாள் ஊசி போட்டுக்கொண்டதும் என் மனைவி செருப்பை மாட்டினாள்.

"எங்க?" என்றேன்.

"தோட்டத்து முக்கு. பாஷன் பழம்."

தேயிலைச் சாலை பிரியும் இடத்தில் அந்த அம்மாள் கோணியை விரித்துப் பழங்களை நாலு நாலாகக் குவித்து வைத்திருந்தாள். எங்களைக் கண்டதும், "வாங்க, பாதி நோயாளி!" என்றாள். அவளுடைய வீட்டுப் பெயர் கபசேக்கே. கேட்டபோது தயங்கித்தான் சொன்னாள்.

கபஹெண்டா கோணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். கபசேக்கே கேட்டுக்கொண்டே பழங்களைத் துடைத்தாள்.

"எனக்குத்தான் சரியாயிடுச்சே. டாக்டரம்மா மாத்திரை குடுத்தாங்க. ரெண்டே நாள்ல சிவப்பு நின்னுடுச்சு. இப்பத் தண்ணி மாதிரி இருக்கு."

"தானா வரும், தானா நின்னுடும்னு அன்னிக்கு பெஞ்சுல நீங்கதானே சொன்னீங்க. நீங்க சாப்பிட்ட மாத்திரை என் கிருமிக்கு. உங்ககிட்டக் கிருமியே இல்ல." தாளை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "இது உங்களுக்கு வந்தது."

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே படிங்க."

அவள் படித்தாள். எட்டுப் பத்து, சிவப்பு, கிருமி இல்லை, ரத்தம். பிறகு டாக்டர் சொன்னதையும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். தேயிலை ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. பழங்களின் மேல் படிந்த தூசியைக் கபசேக்கே மறுபடி துடைத்தாள்.

"இத உங்களோடதுன்னு நெனச்சப்ப நீங்க என்ன பண்ணீங்க?" என்றாள் கபசேக்கே.

"பெட்டில போட்டுப் பூட்டுனேன். பத்து நாள்."

"அப்ப எனக்கும் ஒரு பத்து நாள் குடுங்க. பேத்திக்கு ஞானஸ்நானம் இருக்கு."

கபஹெண்டா தலையை ஆட்டினாள். அவள் அழுததை நான் அதிகம் பார்த்தவனல்ல. "நான் பூட்டுனது உங்க பத்து நாளத்தான், அப்வோலி. அது செலவாயிடுச்சு. அப்பறம் ஊசியில மூணு நாள். இனிமே என்னால குடுக்க முடியாது."

கபசேக்கே தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு பழங்களைக் கூடைக்குள் போட ஆரம்பித்தாள். குவித்ததைக் கலைக்காமல், நாலு நாலாகவே.

ஊசிகள் முடிந்த மறுநாள் விடிகாலைப் பஸ்ஸில் இருவரும் கம்பாலா போனார்கள். கபசேக்கேயின் மூத்திரப் பைச் சுவரில் பீன்ஸ் அளவில் ஒரு கட்டி இருந்தது. புற்றுதான், ஆழமாக வேர்விடாதது. குழாய் வழியாகவே எடுத்துவிட்டார்கள். ஆனால் இது திரும்பி வருகிற ஜாதி, குறித்த தேதிகளில் வந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள்.

என் மனைவிக்கு டாக்டர் அச்சிரோ இரண்டு விஷயம் சொன்னார். வெளியே போனாலும் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கக் கூடாது. இன்னொன்று ஒரு சின்னக் களிம்பு. மாதவிலக்கு நின்று வருடங்கள் ஆனால் அந்த இடத்துத் தோல் காகிதமாக மெலிந்துவிடும், கிருமி சுலபமாக ஏறும், அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்றார். இவள் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத இந்த வயசுலயா? மருந்துக்கடைக்காரன் என்ன நெனைப்பான்?"

"உங்க வீட்டுக்காரருக்கு அதிர்ஷ்டம்னு நெனைப்பான்," என்றார் டாக்டர்.

அன்றைக்கே அவருக்கு அட்யேரி என்று எம்பாக்கோ வைத்துவிட்டு, "ஆனா பேரு எழுதற எடத்துல அச்சிரோன்னே எழுதுங்க" என்று எச்சரித்தாள். அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை நீர்க்கடுப்பு வந்தது. கல்யாண வீடுகளில் மெத்தை நாற்காலியைத் தேடி உட்கார ஆரம்பித்தாள். தேவாலயத்தில் மட்டும் கதவோரத்தைவிட்டு மாறவில்லை, காற்று வருகிறது என்றாள்.

நாலு வருடம், கபசேக்கேயின் ஒவ்வொரு தேதிக்கும் அவள் கூடப் போனாள். ஒருமுறை சின்னதாக மறுபடி முளைத்திருந்தது, எடுத்தார்கள். என் மனைவி போனது இதயத்தால், பீன்ஸ் பாத்தியில், ஒரு செவ்வாய்க்கிழமை. அதை முன்கூட்டிச் சொல்ல யாருக்கும் எந்தத் தாளும் வரவில்லை.

அடக்கத்தன்று கபசேக்கே கூட்டத்தின் கடைசியில் கூடையோடு நின்றிருந்தாள். பேசவில்லை. மே மாதம் அவளே வீட்டுக்கு வந்தாள்.

"அமூட்டி, வியாழக்கிழமை என் தேதி. முதல்ல இங்க குப்பில குடுக்கணும், அப்பறம் கம்பாலா. எப்பவும் குப்பி மேல எழுதித் தர்றவ நம்ம அப்வோலிதான்."

வியாழக்கிழமை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் குப்பியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். இளஞ்சூடாக இருந்தது. பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் எழுதிவிட்டேன். கடைசியில் மணி எழுத வேண்டிய கட்டத்துக்கு வந்ததும், லேப் ஜன்னலுக்கு மேலிருந்த கடிகாரத்தை ருவபுஹிங்காவும் நானும் சேர்ந்து அண்ணாந்து பார்த்தோம். எட்டு முப்பத்தைந்து. எழுதினேன்.